சங்கு கேட்கிற தூரம்

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிவிட்டீர்களா? கொஞ்ச தூரத்துக்கு ஆண்டாள் கோயில் கோபுரம் முதுகுக்குப் பின்னால் துணைக்கு வரும். வலது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. பால்கோவா போர்டுகள் மெல்லக் குறைந்து, வன்னியம்பட்டி விலக்கு வரும். அதையும் கடந்து ராஜபாளையத்தை நெருங்க நெருங்க, ரோட்டோரத்தின் முகமே மாறிவிடும். நீளநீளமான காம்பவுண்டுச் சுவர்கள். உள்ளே பெரிய பெரிய ஷெட்டுகள். வாசலில் பஞ்சு பேல் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும் லாரி.

இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் ஒன்று கோயில் ஊர், மற்றது மில் ஊர்.

மில் ஊராக ஆவதற்கு ராஜபாளையத்துக்கு என்ன தகுதி என்று யோசித்துப் பாருங்கள். துறைமுகம் கிடையாது. தூத்துக்குடி நூறு கிலோமீட்டருக்கு மேல். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் பெரிய ஆறு இல்லை. ராஜதானியின் தலைநகரம் எங்கேயோ இருந்தது. ஜில்லா தலைநகரம்கூட இல்லை. 1985ல் விருதுநகர் தனி மாவட்டம் ஆனபோதும் கலெக்டர் ஆபீஸ் விருதுநகருக்குத்தான் போனது. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் சொச்சம்.

இதே கேள்வியை வடக்கே, கங்கைக் கரையில், இன்னொரு மில் ஊரைப் பார்த்தும் கேட்கலாம். கான்பூர். அதே 2011 கணக்கில் இருபத்தேழு லட்சம் ஜனத்தொகை. ஒரு காலத்தில் கிழக்கின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய நகரம். யானையையும் முயலையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். நிறுத்தலாம். யானை படுத்துவிட்டது. முயல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் என்பதுதான் சமாசாரம்.

முதலில் முயல்.

ராஜபாளையத்துப் பெரிய மனிதர்களின் இனிஷியலைக் கவனித்திருக்கிறீர்களா? பூ.ச. குமாரசாமி ராஜா. இந்த ‘பூ’ அப்பா பெயர் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. பூசபாடி. வீட்டுப் பெயர். ஆந்திராவின் வடகோடியில் விஜயநகரம் என்று ஒரு ஜமீன் உண்டே, ஹம்பி விஜயநகரம் அல்ல, விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருப்பது, அந்த அரச குடும்பத்துக்கும் அதே வீட்டுப் பெயர்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பல நூறு வருஷம் கழித்தும், ஒரு எழுத்தில் பூர்வீகத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

விஜயநகரப் பேரரசுக் காலத்திலும் அதைத் தொடர்ந்து வந்த நாயக்கர் காலத்திலும் தெற்கே இறங்கிய தெலுங்குப் படைக்குடிகள்தான் இந்த ராஜுக்கள். வந்தார்கள், மலையடிவாரத்தில் குடியேறினார்கள், கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஏர் பிடித்தார்கள். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என்று தெருக்கள் உருவாயின. கோட்டை என்றதும் மதிலும் அகழியும் தேடாதீர்கள். சொந்தபந்தங்கள் நெருக்கமாகக் கட்டிக்கொண்ட வீடுகளின் கூட்டம், அவ்வளவுதான். ஆளுக்கொரு கோட்டை, கோட்டைக்கொரு சாவடி. நல்லது கெட்டதைப் பேசி முடிக்க ஒரு பொது இடம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசற்படி தாண்டினால் தமிழ்.

வேட்டை நாய் இல்லாமலா? வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக ஒல்லியாக நிற்குமே, அந்த ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால்துறை ஸ்டாம்பே வெளியிட்டது. அதே வரிசையில் உத்தரப் பிரதேசத்து ராம்பூர் நாய்க்கும் ஒரு ஸ்டாம்ப். நாய் விஷயத்தில் மட்டும் வடக்கும் தெற்கும் சரிசமம்.

மொழி விஷயத்திலும் ஒரு அழகான முடிச்சு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ‘ஆமுக்தமால்யதா’ என்று ஒரு தெலுங்குக் காவியம் எழுதினார். கதாநாயகி யார்? நம் ஆண்டாள். கதை நடக்கும் இடம்? ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழ்நாட்டுக் கதை தெலுங்குக்குப் போய், அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்துக்காரர், 2008ல் மறைந்த பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாதராஜா. நாலைந்து நூற்றாண்டு சுற்றிவிட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கியிருக்கிறது கதை.

சரி, பஞ்சுக்கு வருவோம்.

மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே போனால் கரிசல். சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் மண். கருங்கண்ணிப் பருத்தி அங்கே விளைந்தது. வெளிநாட்டு மார்க்கெட்டில் அந்த வட்டாரப் பஞ்சுக்குப் பெயரே ‘தின்னவேலி’. விருதுநகர் வியாபாரிகள் வாங்கினார்கள், தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் வந்தார்கள். பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தில் நூற்பாலை ஓட்டலாம் என்று கண்டுகொண்ட வெள்ளைக்காரர்கள். அங்கிருந்து தூத்துக்குடி, மதுரை என்று கிளை பரப்பினார்கள்.

ராஜபாளையத்து விவசாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நம் மண்ணில் விளைகிற பஞ்சு, நம் ஊர் ஆள் எடுக்கிற பஞ்சு, நூலானதும் லாபம் மட்டும் எங்கோ போகிறது. 1927ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் போட்டார்கள், வழியில் ராஜபாளையத்துக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. அதே வருஷம் அக்டோபரில் கதர்ப் பிரசாரத்துக்காகத் தமிழ்நாட்டைச் சுற்றிவந்த காந்தியும் ராஜபாளையத்துக்கு வந்தார். ரயில் ஒரு பக்கம், ராட்டை ஒரு பக்கம். ஊர் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கொள்கைப்படி பார்த்தால் இரண்டும் எதிரெதிர். கையால் நூற்கச் சொன்ன மனிதரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பத்து வருஷத்தில் மெஷினால் நூற்க ஆரம்பித்துவிட்டார்கள். சுதேசி என்ற ஒரு வார்த்தை இரண்டுக்கும் பாலம் போட்டுக்கொடுத்தது.

1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ‘ராஜபாளையம் மில்ஸ்’ என்று கம்பெனி ஆரம்பித்தார். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

இந்த இடத்தில் பி.காம். படித்தவன் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியாக வேண்டும். அவர் ஆரம்பித்தது பப்ளிக் லிமிடெட் கம்பெனி. அதாவது, பங்கு பிரித்துப் பொதுமக்களுக்கு விற்கலாம். கம்பெனி மூழ்கினால் பங்கு போட்ட பணம் போகும். வீடு வாசல் போகாது. இன்றைக்கு நமக்கு இது சாதாரண சங்கதி. 1936ல், வட்டிக்கு விடுவதையும் நிலம் வாங்குவதையும் நகை செய்து பூட்டுவதையும் தவிர வேறு முதலீடே தெரியாத ஊரில், ஒரு காகிதத்தைக் காட்டி, ‘இதை வாங்குங்கள், மில்லில் உங்களுக்கும் ஒரு பங்கு’ என்று சொல்வதற்கு என்ன வேண்டும்? பாங்க் பாலன்ஸ் போதாது. சொல்கிற ஆசாமியின் தாத்தா யாரென்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டையும் சாவடியும் அங்கேதான் வேலைக்கு வந்தன. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாதவருக்கும் மனுஷனைப் படிக்கத் தெரியும். பணத்தைப் போட்டவர் மில்லைப் பார்க்க ரயில் ஏற வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே ஷிப்டுக்கு ஷிப்ட் ஊதும் சங்கு கேட்கும். சங்கு கேட்டால் மில் ஓடுகிறது. ஒருநாள் கேட்காவிட்டால், ‘என்னய்யா ஆச்சு?’ என்று முதலாளியைத் தெருவில் நிறுத்தி நேரே கேட்கலாம். கம்பெனி சட்டத்தில் எந்த ஷரத்திலும் இப்படி ஒரு ஆடிட் கிடையாது.

1939ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் பதிவானது. அடுத்த தலைமுறையில் மில்கள் பெருகின. 1957ல் அதே ராமசாமி ராஜா குடும்பம் ‘மெட்ராஸ் சிமெண்ட்ஸ்’ ஆரம்பித்தது. 2013ல்தான் அதற்கு ‘ராம்கோ சிமெண்ட்ஸ்’ என்று பெயர் மாறியது. 1962ல் ராமசாமி ராஜா காலமானதும் மகன் ராமசுப்பிரமணிய ராஜா பொறுப்புக்கு வந்து, 2017ல் இறக்கும்வரை அந்தக் கம்பெனிகளை நடத்தினார். கடைசிவரை ராஜபாளையத்துக்காரராகத்தான் இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அது ரொம்ப முக்கியம்.

அதே ஊரிலிருந்து அரசியலுக்குப் போனவர் குமாரசாமி ராஜா. சின்னஞ்சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது அதுதான் பதவியின் பெயர். 1950 ஜனவரி 26ல் நாடு குடியரசானதும் முதலமைச்சர் ஆனார். 1952ல் முதல் பொதுத்தேர்தல். பதவியில் இருக்கும் முதல்வர், அதுவும் சொந்த மண்ணில், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்று தோற்றுப்போனார். ராஜாஜி வந்தார். இவர் பிறகு ஒரிஸாவின் கவர்னராகப் போனார். சொந்த வீட்டைக் காந்தி கலைமன்றத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1957ல் கண்ணை மூடினார். தேர்தலில் தோற்ற கதையை இன்றைக்கும் ஊரில் ஒரு மாதிரி பெருமையோடுதான் பேசுவார்கள். முதல்வரையே தோற்கடித்த வட்டாரமாம்!

இனி யானை.

கான்பூர் பிறந்ததே வேறு ஜாதகத்தில். கிழக்கிந்தியக் கம்பெனி கங்கைக் கரையில் பட்டாளத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. பட்டாளம் இருந்தால் பூட்ஸ் வேண்டும், குதிரைக்குச் சேணம் வேண்டும், கூடாரத்துக்குக் கித்தான் வேண்டும், சட்டைக்குத் துணி வேண்டும். 1857ல் கலகத்தின் மிக ரத்தம் தோய்ந்த அத்தியாயங்களில் ஒன்று அங்கே எழுதப்பட்டது. அது அடங்கியதும் 1860களிலிருந்து ஆலைகள் முளைத்தன. எல்ஜின், மியூர். 1876ல் கம்பளி ஆலை, நாம் ‘லால் இம்லி’ என்று கேள்விப்பட்டிருக்கும் பெயர் அதனுடையதுதான். முதலாளிகள் வெள்ளைக்காரர்கள். வாடிக்கையாளர் சர்க்கார். 1920ல் பல கம்பெனிகளை ஒன்றாகக் கட்டி ‘பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன்’ என்ற பெரிய நிறுவனம் உருவாயிற்று.

ஊருக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வந்து, மில்லைச் சுற்றியிருந்த குடிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அந்த ஊரில் தொழிற்சங்கம் பிறக்காமல் வேறு எங்கே பிறக்கும்? 1925 டிசம்பரில் இந்தியக் கம்யூனிஸ்டுகளின் மாநாடு கான்பூரில் கூடியது. தலைமை வகித்தவர் யார் தெரியுமா? நம்ம சென்னைச் செம்படவர் குப்பத்துச் சிங்காரவேலர்! கான்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இப்படிச் சில ரகசிய ரயில் பாதைகள் உண்டு. நேதாஜி படையின் கேப்டன் லட்சுமி, சென்னையில் பிறந்தவர், கல்யாணமாகிக் கான்பூர் போனவர், 2012ல் இறக்கும்வரை அந்த ஊர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

மூன்றாவது ரயில் பாதை அவ்வளவு சந்தோஷமானது இல்லை.

சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்கார முதலாளிகள் மூட்டை கட்டினார்கள். பங்குகள் சந்தைக்கு வந்தன. ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா பங்குச்சந்தைப் புள்ளி வாங்கிக் குவித்தார். பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனும் அதில் ஒன்று. மில் ஓட்டுவது அவருக்கு நோக்கமில்லை. பங்கு விலையை ஓட்டுவதுதான் நோக்கம். வாங்கிய பங்கை அடகு வைத்து அடுத்த பங்கு. ஒருநாள் மூச்சு முட்டியது. 1957 ஜூனில், பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத எல்.ஐ.சி., முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆறில் ஒன்று கான்பூர்க் கம்பெனி. பணம் யாருடையது? மாசாமாசம் பிரீமியம் கட்டிய வாத்தியார், கிளார்க், போஸ்ட்மேன் பணம்.

பாராளுமன்றத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தவர் பெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டு இறங்கினார் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆமாம், நம்ம சென்னை டி.டி.கே.தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் போடப்பட்டது சிறுசிறு சேமிப்புதான். ராஜபாளையத்தில் பணம் போட்டவருக்குச் சங்கு கேட்டது. ஏதோ ஒரு தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து பாலிசி எடுத்தவருக்கு, தன் பணம் கான்பூரில் ஒரு கம்பளி ஆலைக்குப் போகிறது என்பதே பேப்பர் படித்துத்தான் தெரிந்தது.

அதற்கு மேல் கான்பூரில் நடந்ததெல்லாம் நீண்ட சரிவு. 1977ல் சுதேசி காட்டன் மில்லில் சம்பளம் பாக்கி. வாங்க வேண்டிய கூலியைக் கேட்டுத் தொழிலாளர்கள் அதிகாரிகளை முற்றுகையிட்டார்கள். டிசம்பர் 6ந் தேதி போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். மில்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1981ல் வந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதே 1981ல் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனும் அரசுடைமை. முதலாளி மாறினார், மெஷின் மாறவில்லை. பழைய தறி, பழைய கடன், புதிய போர்டு. பிறகு ஒவ்வொன்றாக ஓட்டம் நின்றது. எல்ஜின், மியூர், சுதேசி, கடைசியாக லால் இம்லி. தோல் தொழில் கங்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறது. சிவப்புச் செங்கல் கட்டடங்கள் மட்டும் ஊர் நடுவே அப்படியே இருக்கின்றன.

‘ஆக, முதலாளி உள்ளூர்க்காரராக இருந்தால் மில் பிழைக்கும், அப்படித்தானே?’ என்று முடித்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் உள்ளூர்க்காரர்களே நடத்திப் பூட்டிய மில்களும் ஏராளம். இன்னொரு காரணம் இருக்கிறது. சுவாரசியம் குறைவானது, ஆனால் என்னைக் கேட்டால் பாதிக் கதை அதுதான்.

கான்பூர், பம்பாய், அகமதாபாத் மில்கள் பெரும்பாலும் காம்போசிட் மில்கள். ஒரு வாசலில் பஞ்சு நுழையும், மறு வாசலில் துணி வெளியே வரும். நூற்பது, நெய்வது, சாயம் போடுவது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 1950களில் மத்திய அரசாங்கம் கைத்தறியைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, இந்த மில்கள் புதிதாகத் தறி போடக்கூடாது என்று கட்டிப்போட்டது. வரியும் ஜாஸ்தி. நோக்கம் நல்லதுதான். ஆனால் பலன் கைத்தறிக்கு மட்டும் போகவில்லை, நடுவே புகுந்த விசைத்தறிக்குப் போனது. வீட்டுக் கூடத்தில் நாலு தறி, வரி குறைவு, சங்கம் கிடையாது. அதோடு விலையில் போட்டி போட எந்தக் காம்போசிட் மில்லாலும் முடியவில்லை.

ராஜபாளையத்து மில்களோ பெரும்பாலும் நூற்பாலைகள். நூலோடு நிறுத்திக்கொண்டார்கள். கைத்தறிக்காரர் நெய்தாலும் நூல் வேண்டும், விசைத்தறிக்காரர் நெய்தாலும் நூல் வேண்டும். கைத்தறிக்குச் சிட்டமாக, விசைத்தறிக்குக் கோனாக. எவன் ஜெயித்தாலும் இவர்களுக்கு வியாபாரம். கான்பூர் மில்லைக் கொன்ற அதே விசைத்தறி, ராஜபாளையம் மில்லின் வாடிக்கையாளர். இதில் சாமர்த்தியம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அந்த விசைத்தறிகளைப் பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டாம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம். தெருவில் நுழைந்தால் பேசுவது காதில் விழாது. ‘தடக் தடக்’ என்று வீட்டுக்கு வீடு சத்தம். நெய்வது என்ன தெரியுமா? பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் உங்கள் காயத்தில் சுற்றினார்களே ஒரு சல்லடைத் துணி, அது இந்தத் தெருவிலிருந்து போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கச்சாப் பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். அதன் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அந்த மெழுகைப் போக்கினால்தான் ரத்தத்தை உறிஞ்சும் பஞ்சாகும். நூற்பாலையில் நீள இழையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் குட்டை இழைக் கழிவுகூட இதற்குப் பயன்படும். ஒரு மில்லின் குப்பை இன்னொரு மில்லின் மூலப்பொருள். பேண்டேஜ் துணியும் அப்படித்தான். நெருக்கமாக நெய்தால் அது வேட்டி. இழைக்கு இழை இடைவெளி விட்டு நெய்தால் மருந்துத் துணி. நெய்து, வெளுத்து, அளவாக வெட்டி, சுருட்டி, பாக்கெட் போடும் வேலையில் எத்தனையோ பெண்கள் வயிறு வளர்க்கிறார்கள். தளவாய்புரம் பக்கம் போனால் நைட்டி. தையல் மெஷின் சத்தம்.

இங்கேதான் சங்கு சமாசாரம் கொஞ்சம் உதைக்கிறது.

மில்லில் பங்கு வைத்திருந்தவர்கள் யார்? கோட்டையில் இடம் இருந்தவர்களும், கையில் நாலு காசு மிஞ்சியவர்களும். பஞ்சு எடுத்த பெண்ணுக்கும், ரிங் பிரேமில் நின்று அறுந்த இழையை முடிச்சுப் போட்டவருக்கும் அதே சங்கு கேட்டது. ஆனால் அது அவர்களை வேலைக்குக் கூப்பிட்ட சத்தம். டிவிடெண்ட் சத்தம் அல்ல. நம்பிக்கை என்பது சாதிக்குள்ளேயே சுற்றும்போது முதலீடு சீக்கிரம் சேருகிறது. வெளியே நிற்பவருக்கு அந்த வாசல் திறப்பதும் அதே காரணத்தால் தாமதமாகிறது. ராஜுக்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1973ல் கல்லூரி ஆரம்பித்தார்கள், எல்லா சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். அதை மறைக்கக் கூடாது. அதற்காகப் பங்குப் பத்திரத்தையும் பள்ளிக்கூட அட்மிஷனையும் ஒன்றென்று சொல்லவும் முடியாது.

சத்திரப்பட்டித் தறிக்காரரின் கணக்கு இன்னும் சிக்கல். நூலை வியாபாரி கொடுப்பார், தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார், அவரிடம் ஒருவர் கூலிக்கு ஓட்டுவார். கூலிக்குக் கீழே கூலி. ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, தெருவே நிசப்தம். பஞ்சு விலையைக் கண்டி கணக்கில் சொல்வார்கள். ஒரு கண்டி என்பது சுமார் 356 கிலோ. 2022ல் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை எகிறியது. ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு டெண்டர் எடுத்தவர் பழைய விலைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவது? மேலிருந்து கீழே ஒவ்வொருவராகக் கைமாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் தறிக்கு முன்னால் நிற்பவரிடம் வந்து நிற்கும். அவருக்குக் கீழே ஆள் கிடையாது.

1990களுக்குப் பிறகு மில் வேலையின் முகமும் மாறிப்போனது. தகப்பனுக்குப் பிறகு மகன் என்று நிரந்தர வேலை பார்த்த காலம் போய், விடுதி கட்டித் தங்கவைத்து வேலை வாங்கும் காலம் வந்தது. 2000களில் கோவை, திருப்பூர் பக்கத்து மில்களுக்கு நம் தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்துதான் பெண்பிள்ளைகளை வேன் வேனாகக் கூட்டிப்போனார்கள். மூன்று வருஷம் வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர். முடிவதற்குள் உடம்பு கெட்டுத் திரும்பி வந்து, அந்தத் தொகையும் கைக்கு வராத பிள்ளைகளின் கதை அப்போது பத்திரிகைகளில் நிறைய வந்தது.

பஞ்சும் உள்ளூர் இல்லை இப்போது. கருங்கண்ணி விளைந்த கரிசலில் மக்காச்சோளம் நிற்கிறது. நல்ல கவுண்ட் நூலுக்கு வேண்டிய நீள இழைப் பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் லாரி ஏறி வருகிறது. கொஞ்சம் கப்பலிலும் வருகிறது. எந்தப் பஞ்சு பக்கத்தில் விளைகிறது என்பதற்காக இந்த ஊரில் மில் வைத்தார்களோ, அந்தக் காரணமே போய்விட்டது. மில் மட்டும் இருக்கிறது. மெஷின் இருக்கிறது, ஓட்டத் தெரிந்த மேஸ்திரி இருக்கிறார், நூலை வாங்க அடுத்த தெருவில் தறி இருக்கிறது, கடன் கொடுக்க பாங்க் இருக்கிறது. கரண்ட் தட்டுப்பாடு வந்த வருஷங்களில் தமிழ்நாட்டு மில்கள் பல சொந்தமாகக் காற்றாலை போட்டுச் சமாளித்தன. கணவாய்க் காற்று தென் மாவட்டங்களுக்கு இலவசம்தானே.

ஆள் மட்டும்தான் தட்டுப்பாடு. மில்காரர் மகன் என்ஜினீயரிங் படித்துவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டான். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? அப்பா முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்ததே அவன் போகவேண்டும் என்பதற்காகத்தான். அவன் இடத்துக்குத் தமிழ்நாட்டு மில் விடுதிகளுக்கு வடக்கேயிருந்து ஆள் வருகிறது. பீகார், ஜார்க்கண்ட், கான்பூர் இருக்கிற அதே உத்தரப் பிரதேசம். அதிலும் ஒடிசாக்காரர்கள் நிறைய.

ஒரு காலத்தில் ராஜபாளையம் ஒரிஸாவுக்குக் கவர்னரை அனுப்பியது. இன்றைக்கு அங்கிருந்து வந்த பையன், ராத்திரி ஷிப்ட் முடிந்து, கடைத்தெருவில் நின்று, சைகையும் அரைகுறைத் தமிழுமாக டீக்குச் சர்க்கரை குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைக்காரருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். இப்போது பையன்களுக்காக நாலு வார்த்தை இந்தியும் கற்றுக்கொண்டிருக்கிறார்.